மயிலை வயித்துக்கு நான் சாட்சி

அந்தப் புல்லுக்கட்டை மிதிச்சுராத அம்மிணி. காலைச் சித்த இப்பிடி மடக்கிக்க. இல்லாட்டி நீ ஜன்னலோரம் போயிரு, நான் இப்பிடி உக்காந்துக்கறேன். காங்கயத்துல ஏறும்போதே கண்டக்டரு மொறச்சான். புல்லுக்கு லக்கேஜ் போடோணும்கறான். போட்டுக்கப்பான்னேன். கோழி ஏத்தறீங்க, ஆட்டுக்குட்டி ஏத்தறீங்க, ஒரு கட்டுப் புல்லு உங்க பஸ்ஸை என்ன பண்ணிரப் போகுதுன்னு கேட்டேன். சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான். மணி என்னாச்சு? உன்ற போன்ல பாத்துச் சொல்லு. நான் ஈரோடு வரைக்கும் வரலை. அவல்பூந்துறை தாண்டி காலேஜ் கேட்டுன்னு ஒரு ஸ்டாப்பு இருக்குதாமா, அங்க எறங்கோணும். மாட்டு டாக்டருக்குப் படிக்கற காலேஜு. பதினோரு மணிக்குள்ள போயே ஆகோணும்.

சாட்சி சொல்லப் போறேன் கண்ணு. கோர்ட்டு இல்லை, கமிட்டியாமா. பிரிசில்லான்னு ஒரு புள்ள, திருநெல்வேலிப் பக்கம். மாட்டு டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டு அதுக்கும் மேல ஆராய்ச்சி பண்றா. அந்தப் புள்ளையை ஏமாத்துக்காரிங்கறாங்க. வேற மாட்டோட சமாச்சாரத்தை எடுத்து என்ற மாட்டோட பேருல எழுதிட்டாளாமா. இன்னைக்கு அவ பேச்சு எடுபடலைன்னா படிப்பை நிறுத்தி ஊட்டுக்குத் தாட்டி உட்டுருவாங்களாமா. அப்புறம் எங்கயும் சேத்துக்க மாட்டாங்களாமா. அது பொய் சொல்ற புள்ள இல்லை, எனக்குத் தெரியும். எங்கூட்டுக்காரரு, கூப்புடாத எடத்துக்கு எதுக்குப் போறேன்னாரு. அவரை யாரு கேட்டா?

ஏனுங்க டிரைவரு, இங்க எதுக்கு நிறுத்தறீங்க? ஸ்டாப்பே இல்லாத எடத்துல! பாரு, டீ குடிக்க எறங்கறான். ஆகாவழி.

என்ன கேட்டே? மாடா? காளை கண்ணு. மயிலை நெறம், அதனால பேரும் மயிலைதான். பெரிய பேரெல்லாம் வெக்கலை. எங்களுக்குக் கொரங்காடு எட்டு ஏக்கரா இருக்குது. கெணத்துத் தண்ணி பாயாத பூமி, மேய்ச்சலுக்குன்னே உட்டுருக்கற காடு. கொழுக்கட்டைப் புல்லு, அதுவும் மழை பேஞ்சா. அதை மேஞ்சே அது மலையாட்ட நிக்கும். அந்தப் புல்லுதான் இது. கமிட்டி மேசை மேல தொப்புனு போட்டு, என்ற மாடு இதைத்தாங்க திங்குது, வேற ஒன்னும் தெரியாதுங்கன்னு சொல்லிப் போடுவேன்.

மொதமொதல்ல அந்தப் புள்ள வந்தப்ப நான் வெரட்டித்தான் உட்டேன். ‘கறிக்குப் போற மாடுங்களோட வயித்தைப் பத்திதான்மா என் ஆராய்ச்சி’ன்னா. ‘என்ற கட்டுத்தரையில நின்னுட்டுக் கறிங்கற பேச்சு பேசாத, எந்திரிச்சுப் போ’ன்னேன். சந்தைக்குப் போற மாடெல்லாம் அப்புறம் எங்க போகுதுன்னு தெரியாதவளா நான்? நாங்களும் வித்திருக்கறோம். ஆனா அதை மாட்டுக்கு முன்னாடி பேசறதா? அப்புறம் அவ மறுநாளும் வந்தா. மயிலையை அறுக்கவும் மாட்டோம் விக்கவும் சொல்ல மாட்டோம், வயித்துல இருந்து ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கறோம்னு சொன்னா. வெயில்ல வந்து மூஞ்சியெல்லாம் செவந்து போயிருந்துச்சு. சோறுண்டயான்னு கேட்டேன். இல்லைங்கம்மான்னா. இல்லைன்னு நேராச் சொல்ற புள்ளையை எப்பிடி வெரட்டறது? உக்காந்து உண்ணுன்னேன். அன்னையில இருந்து எங்கூட்டுப் புள்ளையாட்ட ஆயிட்டா.

அந்தத் தண்ணி எதுக்குன்னு கேளு. மாட்டோட வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக் கணக்குல இருக்குதாமா. மாடா புல்லைத் திங்குது? அதுங்கதான் திங்குதாமா. மாடு மென்னு குடுக்கற வேலையைத்தான் பாக்குதாமா. எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துருச்சு. அந்த ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு ஜாதகம் இருக்குதாமா. அவ சொன்னது வேற பேரு, ஜீனோமோ என்னமோ, எனக்குப் புரியோணும்னு ஜாதகம்னா. ஒரு ஊருச் சனம் அத்தனையோட ஜாதகத்தையும் துண்டு துண்டாக் கிழிச்சு ஒரு அண்டாவுல போட்டுக் கலக்கிட்டு, அப்புறம் ஒவ்வொரு துண்டா எடுத்துப் படிச்சு, இது இவனோடது, இது அவனோடதுன்னு ஒட்டற மாதிரியாமா. மிஷினு படிச்சுக் குடுக்குமாமா, ஒட்டறது இவ வேலை. கண்ணு கெட்டுப் போயிரும்டி, வேற வேலை இல்லையாடின்னேன். சிரிச்சா.

எதுக்கு இந்தப் பாடுன்னா, நம்மளாட்ட வெயிலும் காஞ்ச புல்லுமா இருக்கற சீமையில, தானியம் போடாமயே மாடு சதை வெக்கறதுக்கு எந்தப் பூச்சி காரணம்னு தெரிஞ்சுக்கோணுமாமா. தெரிஞ்சுட்டா ஏழைபாழை மாட்டுக்கெல்லாம் அதைக் குடுத்துரலாமாமா. நல்ல காரியந்தானே? அதனாலதான் நானும் ஒத்துக்கிட்டேன்.

வண்டி எடுத்துட்டான். அப்பாடா. அரச்சலூர் தாண்டிருச்சா? இன்னும் இல்லையா? நெம்ப மெதுவாப் போறான்.

அவ ஒருநாளும் திடுதிப்புனு வர மாட்டா. அதைச் சொல்லோணும். வளத்த வளப்பு அப்பிடி. மூணு நாளைக்கு முந்தியே போன் போட்டுருவா. ‘அம்மா, வியாழக்கிழமை வாரோம், மயிலையை அன்னைக்கு மட்டும் காலைல மேய்ச்சலுக்கு விட்டுராதீங்க’ம்பா. வந்தா வாயில ஒரு குழாயை உட்டு, வயித்துத் தண்ணியை உறிஞ்சி எடுத்து, புகை வர்ற ஐஸ்ல வெச்சு மூடி எடுத்துட்டுப் போவா. மயிலை ஒரு ஒதை ஒதைக்கோணுமே! நாய்க்குட்டியாட்ட நிக்கும். அவ கைராசி அப்பிடி.

அவ வர்றான்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஒறம்பரை வருதுன்னா நாம ஊடு வாசலைக் கூட்டித் தொளிச்சு ஒரு பலகாரமாச்சும் சுடுவோமா இல்லையா? இவங்க வந்து பாக்கறது ஊட்டையா? மாட்டோட வயித்தை. அப்ப வயித்தைத்தானே நாம நல்லா வெச்சிருக்கோணும்? குழாயை உட்டு எடுத்தா வெறும் புல்லுத் தண்ணி வந்துச்சுன்னா நமக்குக் கேவலமில்லையா? படிச்சவங்க மிஷினு வெச்சுப் பாக்கறாங்க, பழனாத்தா ஊட்டு மாட்டு வயித்துல ஒன்னுமே இல்லைன்னு எழுதிட்டா? அதனால போன் வந்த அன்னைக்குப் பொழுதோடயே பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டிருவேன். கம்பு காய்ச்சுவேன். சோளமாவு கரைச்சு, கருப்பட்டி நுணுக்கிப் போட்டு, தொட்டி நெறைய வெப்பேன். அந்த மூணு நாளும் கொரங்காட்டுப் பக்கமே ஓட்டறதில்லை. மேலெல்லாம் புழுதி ஆயிரும்ல? கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு மாடு கொண்டு போறவங்க எல்லாம் இப்பிடித்தான் தேத்துவாங்க. இது எங்க பக்கத்துப் பழக்கம்.

பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன் மாட்டுலயும் தண்ணி எடுத்தாங்க. அவன் ஒரு கைப் பருத்திக்கொட்டை போட்டுருப்பானா? அந்த மாட்டு வயித்தைப் பத்தி எவனும் பேசலையே, பாத்தயா?

நீ ஆஸ்பத்திரியா கண்ணு? கழுத்துல அட்டை தொங்குதே. ரத்தம் எடுக்கறதா? லேபா! அப்ப உனக்கு இதெல்லாம் வெளங்கும். எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை இருக்குது. டெஸ்டுக்குப் போகோணும்னா ஒரு வாரத்துக்குச் சோத்தைத் தொட மாட்டாரு. கீரையும் மோருந்தான். ரத்தம் குடுத்துட்டு நேரா பேக்கரிக்குப் போயிருவாரு. டாக்டரு சீட்டைப் பாத்துட்டு, பரவால்லையே, மாத்திரையைக் கொறைச்சுக்கங்கன்னு கொறைச்சுப் போட்டாரு. ஒரே மாசத்துல தலை சுத்திக் கெணத்து மேட்டுல உழுந்தாரு. ‘ஏனுங்க, டெஸ்டு எடுக்கறதே நீங்க தெனமும் எப்பிடி இருக்கறீங்கன்னு தெரியறதுக்குத்தானே, அதுல போயி வேசம் போட்டா டாக்டரு என்ன பண்ணுவாரு’ன்னு நல்லாத் திட்டுனேன். சின்னப் புள்ளைக்குத் தெரியறது இந்த மனுசனுக்குத் தெரியலை.

என்ன அப்பிடிப் பாக்கற? அவரு அப்பிடித்தான், உடு.

எங்க உட்டேன்? ஆங், மிஷினு. நாலஞ்சு தடவை எடுத்துட்டுப் போயி, எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு ஒருநாள் போன் பண்றா. குரலே வேற மாதிரி இருக்குது. ‘அம்மா, உங்க மயிலை மாதிரி ஒரு மாட்டை நான் பாத்ததே இல்ல’ங்கறா. வெறும் புல்லு மேயற மாட்டு வயித்துல இருக்கற பூச்சி வேறயாமா, கம்பு சோளம்னு தானியம் திங்கற மாட்டு வயித்துல இருக்கற பூச்சி வேறயாமா. என்ற மயிலை வெறும் புல்லைத் தின்னுட்டே தானியம் தின்ன மாட்டு வயிறா வெச்சிருக்குதாமா! எத்தனை மாட்டைப் பாத்தாலும் அப்பிடி ஒன்னு இல்லையாமா. ஓடி வந்து கலர்கலரா வட்டம் போட்ட காயிதத்தைக் காட்டுனா. மத்த மாடெல்லாம் ஒரு பக்கம் கும்பலாக் கெடக்குது, மயிலை மட்டும் தனியா ஒரு மூலையில ராசாவாட்ட இருக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னமோ நானே பரிச்சை எழுதிப் பாஸான மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அவளோட பெரிய டாக்டரே காரு போட்டுட்டு வந்தாரு. அவ யாருகிட்டப் படிக்கறாளோ அவரு. அவரு வர்றாருன்னு சொல்லி ஒரு படி கூடவே ஆட்டி ஊத்தினேன். மயிலையோட நின்னு போட்டோ புடிச்சாரு. வெளிநாட்டுல ஒரு கூட்டத்துல இதைப் பத்திப் பேசப் போறதாச் சொன்னாரு. சென்னியப்பன் வேலிக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டே இருந்தான், வயிறெரிஞ்சு. கறி யாவாரி ஒருத்தன் மயிலையைக் கேட்டு வந்தான், ‘இது சாதா மாடு இல்லை, படிக்கற மாடு, போடா’ன்னு தாட்டி உட்டேன்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. கெட்ட நேரம், நான் தாராபுரத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பெரிய டாக்டரு, வெளிநாட்டுல பேசறதுக்கு முந்தி எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கலாம்னு வேற ரெண்டு பேரைத் தாட்டிருக்கறாரு. ஒரு போன் இல்லை, ஒரு தாக்கல் இல்லை. கொரங்காட்டுல மேஞ்சுட்டு இருந்த மாட்டை எங்கூட்டுக்காரரும் இளிச்சுட்டுப் புடிச்சுக் குடுத்துருக்கறாரு. அப்பிடியே குழாயை உட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் வந்து கேட்டதும் எனக்குப் பொக்குனு போயிருச்சு. மூணு நாளு எண்ணெய் வெக்காத தலையோட போட்டோ எடுத்தா எப்பிடி இருக்கும்? அந்த மாதிரி. சொல்லாம கொள்ளாம வந்தா எந்த ஊட்டுல எது இருக்கும் சொல்லு?

நெனைச்ச மாதிரியே ஆச்சு. அந்தத் தண்ணியைப் படிச்சுப் பாத்தா, சென்னியப்பன் மாட்டு வயிறு எப்பிடியோ மயிலை வயிறும் அப்பிடித்தானாமா. ஒரு வித்தியாசமும் இல்லையாமா. அடுத்த மாசமும் அப்பிடியே வந்து எடுத்துருக்கறாங்க, நான் சந்தைக்குப் போயிருந்தப்ப. அதுலயும் அதேதானாமா.

அவல்பூந்துறை போர்டு தெரியுது பாரு. இன்னும் கொஞ்சந்தான். மணி பத்தே முக்காலா? ஐயோ சாமி. ஏனுங்க கண்டக்டரு, காலேஜ் கேட்டுல நிறுத்தோணும், மறந்துராதீங்க! சும்மா மண்டையை ஆட்டறான். காதுல உழுந்துச்சோ என்னமோ.

அதுல இருந்துதான் அந்தப் புள்ளைக்குச் சனியன் புடிச்சுது. பெரிய டாக்டரு அவளைக் கூப்புட்டு, ‘நீ எடுத்தப்ப மட்டும் தானியம் தின்ன வயிறா வருது, மத்தவன் எடுத்தா புல்லுத் தின்ன வயிறா வருது, அது எப்பிடி’ன்னு கேட்டாராமா. அந்தக் காலேஜுலயே ஒரு பண்ணை இருக்குது. அங்க மாட்டுக்கெல்லாம் சோளமும் கம்பும்தான் தீனி. அந்த மாட்டுத் தண்ணியைப் புடிச்சு டப்பாவுல மயிலைன்னு எழுதிட்டயான்னு கேட்டுட்டாராமா! அத்தனை பேரு முன்னாடி. இத்தனை வருசப் படிப்பு. அவங்கப்பன் ஆட்டோ ஓட்டறவரு.

முந்தாநேத்து எனக்குப் போன் பண்ணுனா. அழுகறா. ‘அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேக்கேன், நாங்க வாரதுக்கு முன்னாடி தீனி ஏதாச்சும் மாத்திப் போட்டீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்கம்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்’ங்கறா. நான் தெளிவாச் சொல்லிப் போட்டேன். ‘சத்தியமாச் சொல்றேன் கண்ணு, புல்லைத் தவிர ஒன்னும் போடலை. எப்பவும் திங்கறதைத்தான் தின்னுச்சு. அந்த மாட்டு மேல ஆணை’ன்னேன். அப்புறம், ‘சரிம்மா’ன்னு வெச்சுட்டா. என்ற பேச்சைக் கேட்டுத்தான் மனசு ஆறுனாளாட்ட இருக்குது.

என்ன கண்ணு? பொய்யா? எது பொய்? பருத்திக்கொட்டையா? அட, அது தீனியா? அது ஒறம்பரைக்குச் சுடற பலகாரம். நேத்து என்ன உண்டேன்னு உன்னைக் கேட்டா, போன மாசம் கலியாணத்துல தின்ன சாங்கிரியையா சொல்லுவே? சோறுன்னுதானே சொல்லுவே?

சரி, அப்பிடியே வெச்சுக்க. அதைச் சொன்னா என்ன ஆகும் ரோசனை பண்ணு. மொத நாளே அந்தப் புள்ள தெளிவாத்தான் சொன்னா, ‘வழக்கமாத் திங்கறதைத் தவிர எதுவும் குடுத்துராதீங்கம்மா’ன்னு. இப்ப நான் போயி கம்பும் சோளமும் ஊத்தினேன்னு சொன்னா, என்ன சொல்லுவாங்க? மாட்டுக்காரியை உட்டுத் தீனி போட வெச்சே இவதான் ஏமாத்திருக்கறாம்பாங்க. ஒரு பொம்பளையைக் கூடக் கட்டி மேய்க்கத் தெரியலை, இவ என்ன ஆராய்ச்சி பண்றாம்பாங்க. பழி பூராவும் அவ தலையிலதான் வந்து உழும். நான் அதுக்கு உடுவனா? என்ற நாக்கை அறுத்தாலும் அந்தப் பேச்சு வெளிய வராது. எங்கூட்டுக்காரருகிட்டயும் சொல்லி வெச்சுட்டேன், எவன் வந்து கேட்டாலும் புல்லு புல்லு புல்லுதான்னு.

இல்லை, நீ சொல்றது எனக்கு வெளங்கலை. ஆமா, அவ வந்தப்பெல்லாம் ஊத்தினேன். ஆமா, அந்த ரெண்டு பேரு வந்தப்ப ஊத்தலை, எப்பிடி ஊத்துவேன், போன் வந்தாத்தானே? அதைத்தானே நானும் அப்ப இருந்து சொல்லிட்டு இருக்கறேன், சொல்லாம வந்தது அவங்க தப்புன்னு. நீ என்ன அதையே திருப்பித் திருப்பிக் கேக்கற? லேபுல வேலை பாத்தா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை கேப்பீங்களா?

மயிலை ஒசந்த மாடு கண்ணு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காயிதத்துல தனியா நின்னுச்சே, நான் என்ற கண்ணால பாத்தேன். அதைப் போயிச் சாதா மாடுன்னு சொல்றதுக்கு ஒரு கமிட்டி. அந்தப் புள்ள கண்டுபிடிச்சது நிசம். மாடும் நிசம். புல்லும் நிசம். இதை நான் போயி அந்தப் பெரிய டாக்டரு மூஞ்சிக்கு நேரா, கற்பூரம் அடிச்சுச் சொல்லப் போறேன். கற்பூரம் மடியிலயே வெச்சிருக்கறேன், பாரு. மாடு வருசம் பூரா ஒரே புல்லைத்தான் தின்னுச்சு, ஒரு நாளும் தீனி மாறலைன்னு அடிச்சுச் சொல்லிட்டா அப்புறம் அவங்களுக்குப் பேச வாயேது? அந்தப் புள்ள தலை நிமிந்துரும். அவ்வளவுதானே?

நீ எதுக்கு இப்பிடி வேர்த்துப் போயி உக்காந்திருக்கற? ஜன்னலை நல்லாத் தள்ளி உடு. தண்ணி குடிக்கறயா? என்னமோ சொல்ல வந்தே, சொல்லு. இரு இரு, ஸ்டாப்பு வந்துருச்சு! ஏனுங்க, நிறுத்துங்க, காலேஜ் கேட்டு! எறங்கோணும்! புல்லுக்கட்டை எடு கண்ணு, அப்பிடியே என்ற தலையில வெய்யி. பைய. ஆங்.

மவராசியா இரு. உன்னையாட்ட ஒரு புள்ளைதான் அவளும்.

அட, நீ எங்க எறங்கற? உனக்கு ஈரோடுதானே? டூட்டிக்கு நேரமாச்சுன்னு சொன்னயே! பாரு, பஸ்ஸை எடுத்துட்டான்! இப்ப என்ன பண்ணுவே? கையை உடு கண்ணு, நான் நல்லாத்தான் நடப்பேன், எதுக்கு இந்தப் புடி புடிக்கற? என்னது, அந்தப் புள்ளையைப் பாக்கோணுமா? உள்ள போறதுக்கு முந்தியேவா? பெரிய டாக்டருகிட்ட நீ பேசறயா? நீ என்னத்தைப் பேசுவே, என்ற கட்டுத்தரையைக் கூட நீ பாத்ததில்லையே.

சரி, வந்ததுதான் வந்துட்டே. வா. ஒரு சாட்சிக்கு ரெண்டு சாட்சியா இருந்தா நல்லதுதான். வெரசா நட, மணியாச்சு. ஆனா ஒன்னு, உள்ள போனா மொதல்ல நான்தான் பேசுவேன்.